புறநகர் வளர்ச்சியும் அடர்த்தியான கலப்புக் குடியிருப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரம் பெரிதாவதும் புறநகர் விரிவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மக்கள்தொகை கூடக்கூட எந்த நகரமும் பெரிதாகத்தான் செய்யும். மக்கள் பெருகும் வேகத்தைக் காட்டிலும் நகரம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் வேகம் அதிகமாகி, வீடுகள் ஓரிடத்திலும் கடைகள் வேறிடத்திலும் அலுவலகங்கள் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து, இவற்றுக்கிடையே போய்வரக் காரை விட்டால் வேறு வழியில்லை என்றாகும்போதுதான் திட்டமிடுவோர் அதைப் புறநகர் விரிவு என்று கவலையோடு பேசத் தொடங்குகிறார்கள்.

இதன் இயல்பை ஒரு மதில் சுவரிலேயே பார்த்துவிடலாம். அடுத்தடுத்த இரு மனைப்பிரிவுகளில் இரண்டு வீடுகளின் கொல்லைப்புறங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. சுவருக்கு இப்பாலும் அப்பாலும் நின்று பேசிக்கொள்ள முடியும். ஆனால் ஒரு வீட்டின் வாசலிலிருந்து மற்றதன் வாசலுக்குப் போக வேண்டுமானால், முட்டுச்சந்திலிருந்து வெளியேறி, கிளைச்சாலையில் சேர்ந்து, நடைபாதையே இல்லாத பிரதான சாலையில் சிறிது தூரம் சென்று, அடுத்த மனைப்பிரிவின் நுழைவாயிலுக்குள் புகுந்து வளைந்து வளைந்து வர வேண்டும். 15 மீட்டர் இடைவெளி 2 கிலோமீட்டர் பயணமாகிவிடுகிறது. இங்கே பிரச்சினை வீடுகள் குறைவாக இருப்பது மட்டுமன்று, தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் இருப்பதும்தான்.

மக்கள் தனி வீட்டை விரும்புகிறார்கள், அதனால்தான் புறநகர் வளர்ந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

விருப்பம் உண்மைதான். சொந்தத் தோட்டம், அமைதி, கார் நிறுத்தச் சொந்த இடம் ஆகியவற்றை நாடுவதில் தவறேதுமில்லை. அதை ஏளனம் செய்யும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் விருப்பம் மட்டும் புறநகரைக் கட்டவில்லை. அதற்குச் சட்டமும் கடனும் சாலையும் சேர்ந்து உழைத்தன.

இதற்கு அமெரிக்காவின் வரலாறு தெளிவான சான்று. நியூயார்க் நகரம் 1916ஆம் ஆண்டு, எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வரையறுக்கும் நிலப்பயன்பாட்டு மண்டல விதிகளை நகரம் முழுவதற்குமாகக் கொண்டுவந்தது. கிளீவ்லாந்துக்கு அருகிலுள்ள யூக்ளிட் என்ற சிற்றூரின் மண்டல விதிகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1926ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தனி வீடுகள் நிறைந்த பகுதியில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெரும்பாலும் ஓர் ஒட்டுண்ணி என்றே அத்தீர்ப்பு வருணித்தது. தொழிற்சாலைப் புகையிலிருந்து வீடுகளைக் காக்கப் பிறந்த விதி, ஒரு வகை வீட்டை இன்னொரு வகை வீட்டிலிருந்து காக்கும் விதியாக மாறிய திருப்பம் இது.

1934ஆம் ஆண்டு தொடங்கிய கூட்டாட்சி வீட்டுக்கடன் உத்தரவாதமும், போர்முனையிலிருந்து திரும்பியோருக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய கடன் வசதியும் புதிய தனி வீடுகளை நோக்கியே பெருமளவு பாய்ந்தன. நியூயார்க்குக்கு வெளியே 1947 முதல் 1951 வரை எழுந்த லெவிட்டவுனில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் ஏறக்குறைய ஒரே அச்சில் கட்டப்பட்டன. வெள்ளையர் அல்லாதாருக்கு அங்கு இடமில்லை என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. 1956ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் அதிவேகச் சாலைகளுக்கு வழிவகுத்தது. ஆகவே, பல ஊர்களில் நிலத்தின் மிகப்பெரும் பகுதியில் தனி வீட்டைத் தவிர வேறெதையும் கட்டுவதே சட்டவிரோதமாக இருக்கையில், ‘மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்’ என்ற வாதத்தைப் பாதி மட்டுமே ஏற்க முடியும்.

அடர்த்தி என்றால் வானளாவிய கட்டடங்கள்தானே?

இந்த விவாதத்தில் அதிகம் குழம்பிக் கிடக்கும் இடம் இதுவே. அடர்த்தி என்பது குறிப்பிட்ட பரப்பில் எத்தனை வீடுகள் உள்ளன என்பதன் கணக்கு. உயரம் என்பது அந்த வீடுகளை அடுக்கும் முறைகளுள் ஒன்று. பாரிஸ் நகர எல்லைக்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கிறார்கள். உலகின் அடர்த்தியான நகரங்களுள் ஒன்றான அதன் பெரும்பாலான கட்டடங்கள் ஆறேழு தளங்களுக்கு மேல் போவதில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 மீட்டருக்கு 100 மீட்டர் அளவுள்ள ஒரு மனையின் நான்கு விளிம்புகளையும் ஒட்டி, 12 மீட்டர் அகலத்தில் ஆறு தளக் கட்டடம் எழுப்பினால் மொத்தத் தளப்பரப்பு ஏறத்தாழ 25,000 சதுர மீட்டர் கிடைக்கும். நடுவில் 76 மீட்டர் நீள அகலமுள்ள திறந்த முற்றமும் மிஞ்சும். அதே தளப்பரப்பை, தளத்துக்கு 900 சதுர மீட்டர் கொண்ட ஒற்றைக் கோபுரமாகக் கட்டுவதானால் 28 தளங்கள் தேவைப்படும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை ஆய்வாளர்களான லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் 1960களில் இதே உண்மையைத்தான் வடிவியல் வழியாக விளக்கினார்கள்.

அப்படியிருந்தும் ஏன் கோபுரங்களே எழுகின்றன? மனையின் எல்லாப் பக்கங்களிலும் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று விதி கேட்கிறது. விளிம்பை ஒட்டிக் கட்டவே முடியாதபோது, நடுவில் குவித்து உயர்த்துவது ஒன்றுதான் கட்டுநருக்கு மிஞ்சும் வழி. இன்னொரு காரணம் அரசியல். நகரின் பெரும்பகுதியில் எதுவும் மாறக்கூடாது என்று பூட்டு போட்டுவிட்டால், தேவை முழுவதும் மிச்சமிருக்கும் சில மனைகளின் மேல் வந்து விழுகிறது. எல்லாத் தெருக்களிலும் மூன்று நான்கு தளங்களை அனுமதித்திருந்தால் எங்குமே தேவைப்பட்டிராத 30 தளக் கட்டடம் ஒரு சந்திப்பில் முளைப்பது இப்படித்தான். என் பார்வையில், பரந்த பரப்பில் மிதமான அடர்த்தியே இரண்டில் நல்லது.

கலப்புப் பயன்பாடு என்பது கீழே கடை, மேலே வீடு என்பதுதானா?

அது ஒரு வடிவம் மட்டுமே. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மருந்துக்கடை, பள்ளி, மருத்துவர், தபால் நிலையம், சில வேலையிடங்கள் ஆகியவை இருந்தால் அது கலப்புப் பயன்பாடே. அவை ஒரே கட்டடத்துக்குள் இருக்க வேண்டியதில்லை. ஜப்பானில் மண்டல வகைகளைத் தேசியச் சட்டமே வரையறுக்கிறது. அவற்றுள் மிகக் கண்டிப்பான தாழ்தளக் குடியிருப்பு மண்டலத்திலும், வீட்டோடு சேர்ந்து 50 சதுர மீட்டர் வரையிலான சிறு கடையோ அலுவலகமோ வைத்துக்கொள்ளலாம். அமைதியான குடியிருப்புத் தெருவின் முனையில் முடிதிருத்தகம் இருப்பது அங்கே விதிவிலக்கு அன்று, விதியே.

பிறகு ஏன் புதிய கட்டடங்களின் தரைத்தளக் கடைகள் காலியாகக் கிடக்கின்றன?

பெரும்பாலும் கடைகள் தேவைக்கு மேல் கட்டப்படுவதால். ஒவ்வொரு கட்டடத்தின் தரைத்தளமும் கடையாகவே இருக்க வேண்டும் என்று விதி எழுதிவிடும் திட்ட அலுவலகங்கள், ஒரு மளிகைக் கடை பிழைக்க எத்தனை குடும்பங்கள் வேண்டும் என்று கேட்பதில்லை. தெருமுனைகளிலும் நிறுத்தங்களுக்கு அருகிலும் கடைகளைக் கட்டாயமாக்கிவிட்டு, மற்ற இடங்களில் வீட்டு வாசல்களையே தெருவைப் பார்க்க வைப்பது போதுமானது.

கட்டும் விதத்திலும் பிழை நேர்கிறது. கடைத்தளத்தின் கூரை 4 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் குழாய்களும் குளிர்சாதனக் குழல்களும் போக மீதி உயரம் கடைக்கு உதவும். உணவகம் வர வேண்டுமானால், அடுப்புப் புகை வெளியேறும் குழல் தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை கட்டும்போதே விடப்பட்டிருக்க வேண்டும். பின்னர் அதற்காக எட்டு வீடுகளின் நடுவே துளையிட எவரும் சம்மதிக்க மாட்டார்கள். சரக்கு வண்டி எங்கே நிற்கும், குப்பை எந்தப் பக்கமாக வெளியே போகும் என்பவற்றையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். விளம்பரப் படத்தில் கண்ணாடி முகப்பும் மேசை நாற்காலிகளும் வரைந்துவிடுவது எளிது. புகைக்குழல் வரையப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் அது கடையா, காட்சிப்பொருளா என்பது தெரிந்துவிடும்.

வீடுகள் கூடினால் போக்குவரத்து நெரிசலும் கூடத்தானே செய்யும்?

அந்தத் தெருவில் கூடக்கூடும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. இங்கே இடம் கிடைக்காத குடும்பம் மறைந்துவிடுவதில்லை. 20 கிலோமீட்டர் தள்ளி வீடு வாங்கி, தினமும் இதே சாலை வழியாகக் கார் ஓட்டி வருகிறது. மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்பதைப் போக்குவரத்து ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். சாலை வேகமானால் மிஞ்சும் நேரத்தை மேலும் தொலைவில் குடியேறுவதற்குச் செலவிடுகிறார்கள்.

சாலையை அகலப்படுத்தினால் தீராதா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள கேட்டி நெடுஞ்சாலை பதில் சொல்கிறது. 2008ஆம் ஆண்டு விரிவாக்கம் முடிந்தபோது, பக்கச்சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் அது 26 தடங்கள் கொண்டதாக ஆனது. சில ஆண்டுகளிலேயே உச்சநேரப் பயணம் மறுபடியும் நீண்டுவிட்டது. அமெரிக்கப் பெருநகரங்களை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு ஜில் டுராண்டனும் மேத்யூ டர்னரும் வெளியிட்ட ஆய்வும், சாலைத் தடங்கள் எந்த விகிதத்தில் கூடுகின்றனவோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்றே கண்டது.

பேருந்தின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு நிறுத்தத்துக்கு 400 மீட்டர் வரை பலரும் நடந்து வருவார்கள். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 10 வீடுகள் என்றால் நிறுத்தத்தைச் சுற்றி 500 வீடுகள். 40 வீடுகள் என்றால் 2,000. முதல் ஊரில் மணிக்கு ஒரு பேருந்து விட்டாலே நட்டம், இரண்டாவது ஊரில் 10 நிமிடத்துக்கு ஒன்று விடலாம். மணிக்கு ஒரு முறை வரும் பேருந்தை நம்பிக் காரை விற்பவர் யாருமில்லை. இதன் மறுபக்கமும் உண்மை: 2,000 வீடுகளைக் கட்டிவிட்டுப் பேருந்தை விடாமல் போனால், நெரிசல் பற்றிய அச்சம் அப்படியே பலித்துவிடும்.

கார் நிறுத்தும் இடத்தைக் குறைப்பது மக்களுக்கு இழைக்கும் அநீதி அல்லவா?

குறைப்பது வேறு, இத்தனை கார் இடங்களைக் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவது வேறு. ஒரு கார் நிற்க 12 அல்லது 13 சதுர மீட்டர் போதும். ஆனால் உள்ளே வரவும் திரும்பவும் வேண்டிய வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். அலுவலகத்தில் அந்தக் காரின் உரிமையாளர் உட்காரும் இடமோ பெரும்பாலும் 15 சதுர மீட்டரைத் தாண்டாது. உணவகத்தில் ஒவ்வொரு 10 சதுர மீட்டருக்கும் ஒரு கார் இடம் வேண்டும் என்று எழுதி வைத்த ஊர்களில், உணவகத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான பரப்பு தார்ப்பரப்பாகிறது. அவ்வளவு இடம் சிறு மனையில் கிடைக்காது என்பதால் சிறு உணவகமே அங்கு பிறப்பதில்லை.

பொருளாதார அறிஞர் டொனால்ட் ஷூப் இதைத்தான் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் பஃபலோ நகரம் இந்தக் குறைந்தபட்சக் கட்டாயத்தை நகரம் முழுவதும் நீக்கியது; பின்னர் பல நகரங்கள் அதே வழியில் சென்றன. கட்டாயத்தை நீக்கிய ஊர்களிலும் கட்டுநர்கள் கார் இடங்களைக் கட்டத்தான் செய்கிறார்கள். வாங்குவோர் எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவு.

குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பள்ளியும் தாங்குமா?

எதிர்ப்பாளர்கள் எழுப்பும் கேள்விகளிலேயே மிக நியாயமானது இது. நீண்டகால நோக்கில் அடர்த்தி மலிவானது. 20 மீட்டர் முகப்புள்ள மனைகள் இருபுறமும் அமைந்த தெருவில், ஒரு வீட்டின் பங்குக்கு 10 மீட்டர் சாலையும் குழாயும் மின்கம்பியும் விழுகின்றன. 6 மீட்டர் முகப்புள்ள வரிசை வீடுகள் என்றால் 3 மீட்டர் மட்டுமே. ஆனால் இது புதிதாகப் போடும் தெருவுக்கான கணக்கு. தனி வீடுகளை எண்ணி அரை நூற்றாண்டுக்கு முன் புதைத்த குழாயின் மேல் மூன்று மடங்கு வீடுகளை ஏற்றினால், முதல் பெருமழையிலேயே ஆள்நுழைவாயில் மூடிகள் வழியே கழிவுநீர் பொங்கும்.

ஆகவே கேட்க வேண்டியது, குழாய் எந்த ஆண்டில் மாற்றப்படுகிறது, யார் பணத்தில் என்பதே. கட்டுநரிடம் வளர்ச்சிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது என்ற பதில் பாதிப் பதில்தான். அந்தப் பணம் இதே பகுதியில் செலவாகிறதா, பொதுக் கணக்கில் கலந்துவிடுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நிறைய வீடுகள் கட்டினால் விலை குறையுமா, ஏழைகள் வெளியேற்றப்படுவார்களா?

இரண்டிலும் உண்மை உண்டு, கால அளவுகள்தான் வேறு. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் குடியிருப்பு நிலத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளை அனுமதித்தது. அதன்பின் கட்டட அனுமதிகள், குறிப்பாக வரிசை வீடுகளுக்கானவை, வெகுவாக உயர்ந்தன. இதில் எவ்வளவு சீர்திருத்தத்தின் விளைவு, எவ்வளவு எப்படியும் நடந்திருக்கும் என்று பொருளாதார அறிஞர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். மறுபுறம், சிகாகோ நகரம் 2013, 2015 ஆண்டுகளில் ரயில் நிலையங்களுக்கு அருகே மட்டும் விதிகளைத் தளர்த்தியபோது, அடுத்த சில ஆண்டுகளில் நிலவிலை உயர்ந்ததே தவிரக் கட்டுமானம் கூடியதாகத் தெரியவில்லை என்று யோனா ஃப்ரீமார்க்கின் ஆய்வு காட்டியது. சில மனைகளுக்கு மட்டும் உரிமை கொடுத்தால் அந்த மனைகளின் உரிமையாளர்களுக்குப் பரிசு கிடைக்கிறது. நகரெங்கும் கொடுத்தால் எவருக்கும் தனிப்பேரம் பேசும் வலு இருப்பதில்லை. இரு நகரங்களின் வேறுபாட்டை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அமெரிக்க நகரமான மினியாபொலிஸின் அனுபவமும் பொறுமையைக் கற்பிக்கிறது. தனி வீட்டுக்கு மட்டுமான மண்டலங்களை முடிவுக்குக் கொண்டுவரும் திட்டத்தை அந்நகர மன்றம் 2018ஆம் ஆண்டு நிறைவேற்றியது செய்தியானது. ஆனால் ஒரே மனையில் மூன்று வீடுகள் கொண்ட கட்டடங்கள் சொற்பமே எழுந்தன. பேருந்துச் சாலைகளை ஒட்டிய அடுக்குமாடிகளில்தான் வீடுகள் பெருகின.

இருக்கும் வாடகைக் கட்டடத்தை இடித்துப் புதிது கட்டும்போது, அதில் வாழ்ந்தவர்களுக்கு நகரம் முழுவதன் சராசரி வாடகை பத்தாண்டில் தணியும் என்பது ஆறுதலாகாது. முதலில் காலி மனைகள், கார் நிறுத்துமிடங்கள், மூடிய வணிக வளாகங்கள் என்ற வரிசையில் தொடங்க வேண்டும் என்பதும், இடிக்கத்தான் வேண்டுமென்றால் பழைய குடித்தனக்காரர் அதே வாடகையில் திரும்பி வரும் உரிமையை எழுத்தில் தர வேண்டும் என்பதும் என் கருத்து.

மரங்களும் திறந்தவெளியும் போய்விடாதா?

ஹெக்டேர் கணக்கில் பார்த்தால் அடர்த்தியான இடத்தில் மழைநீர் இறங்காத பரப்பு அதிகம்; வீட்டுக் கணக்கில் பார்த்தால் குறைவு. கோபன்ஹேகன் 1947ஆம் ஆண்டு வகுத்த ‘விரல் திட்டம்’ இந்த முரணைக் கையாண்ட விதம் இன்றும் பேசப்படுகிறது. பழைய நகரம் உள்ளங்கை. ரயில் பாதைகளை ஒட்டி ஐந்து விரல்களாகக் குடியிருப்புகள். விரல்களுக்கிடையே வயலும் காடும். வெப்பத்தைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாகத் தப்ப முடியாது. நிழல்மரம் வேர்விட ஆழமான மண் வேண்டும். மனை முழுவதும் நிலத்தடிக் கார் நிறுத்தம் அமைத்துவிட்டு, அதன் கூரைமேல் அரை மீட்டர் மண் கொட்டினால் புல்தான் வளரும்.

எதிர்ப்பவர்கள் எல்லாம் சுயநலக்காரர்களா?

இல்லை. ஆனால் கூட்டத்துக்கு வருபவர்களின் குரலை ஊரின் குரலாக எடுத்துக்கொள்வதும் சரியன்று. மாசசூசெட்ஸ் ஊர்களின் திட்டக்குழுக் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், பேசியோரில் வயதில் மூத்தவர்களும் ஆண்களும் சொந்த வீடு உள்ளவர்களும் ஊரில் உள்ள விகிதத்தைவிட அதிகம் என்று கண்டார்கள். கட்டப்படாத வீட்டில் குடியேறவிருப்பவருக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. ஹூஸ்டன் வேறொரு வழியைக் கண்டது: 1998ஆம் ஆண்டு உள்வட்டச் சாலைக்குள் குறைந்தபட்ச மனையளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடி வரை குறைத்தபோது, விரும்பாத தெருக்கள் மனு கொடுத்து விலகிக்கொள்ளவும் இடம் வைத்தது. எதிர்ப்பு தெருவளவில் நின்றது, நகரம் முழுவதையும் முடக்கவில்லை.

நன்றாக அமைந்த எடுத்துக்காட்டு உண்டா?

வாஷிங்டனுக்கு எதிர்க்கரையிலுள்ள ஆர்லிங்டனைச் சொல்லலாம். மெட்ரோ ரயிலை நெடுஞ்சாலையின் நடுவே மலிவாகக் கொண்டுபோகும் யோசனையை மறுத்து, சோர்ந்து கிடந்த பழைய கடைத்தெருவுக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுசெல்ல ஆர்லிங்டன் நிர்வாகம் வற்புறுத்தியது. ராஸ்லினிலிருந்து பால்ஸ்டன் வரையிலான பாதை 1979ஆம் ஆண்டு முழுமையடைந்தது. நிலையங்களைச் சுற்றிக் கால் மைலுக்குள் உயர்ந்த கட்டடங்கள், அங்கிருந்து படிப்படியாக இறங்கி, சில தெருக்கள் தள்ளிப் பழைய தனி வீடுகள் அப்படியே. ரயில் முதலில், வீடுகள் பின்னர் என்ற வரிசை மாறவில்லை.

முழு வெற்றி என்று எதையும் சொல்லிவிட முடியாது. 1954ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் அருகே திறக்கப்பட்ட வேலிங்பி, வேலையும் வீடும் மையமும் ஓரிடத்தில் என்ற கொள்கையோடு கட்டப்பட்டது. சதுக்கமும் கடைகளும் நிலைத்தன. ஆனால் அங்கேயே வேலை பார்த்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பலரும் ரயிலேறி வேறிடத்துக்கு வேலைக்குப் போனார்கள்.

எங்கள் தெருவுக்கு ஒரு திட்டம் வருகிறது. வரைபடத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

வண்ணப் படங்களை ஒதுக்கிவிட்டுத் தரைத்தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். தெருவைப் பார்த்த பக்கத்தில் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 60 மீட்டர் முகப்பில் வாகன வாயில் ஒன்றும் கண்ணாடிக் கதவு ஒன்றுமாக இரண்டே இருந்து, மீதி முழுவதும் கார் நிறுத்தத்தின் வெற்றுச் சுவராக இருந்தால், மேலே எத்தனை தளம் என்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அந்தச் சுவரைப் பற்றிப் பேசலாம். அடுத்து, பின்புறத் தெருவுக்கு நடைவழி விடப்பட்டிருக்கிறதா, அது பொதுவழி என்று பத்திரத்தில் பதிவாகிறதா, அல்லது பூட்டு வைத்த கேட்டாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.